கார்ன் டாலி: சோளமும் இல்லை, பொம்மையும் இல்லை

மொழிபெயர்ப்புக் கதை ஒன்றில் ஒரு வரி: "பாட்டி அடுப்புக்கு மேலே சோளப் பொம்மையைத் தொங்கவிட்டாள்." படித்ததும் என் கண்முன் வந்தது கிழிந்த சட்டையும் சட்டித் தலையுமாகக் கையை விரித்து நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைதான். அதைப் போய் எதற்கு அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டும்? கதை நடப்பது இங்கிலாந்தில், அறுவடை முடிந்த கையோடு. அப்புறம்தான் உறைத்தது, மூலத்தில் 'கார்ன் டாலி' என்று இருந்திருக்கும். அறுவடையின் கடைசிக் கதிர்த் தாளைப் பின்னிச் செய்யும் உரு அது. அகராதியைப் பார்த்தால் கார்ன் என்றால் சோளம், டாலி என்றால் பொம்மை. தனித்தனியே சரி, சேர்த்தால் தப்பு.

முதலில் கார்ன். பழைய ஆங்கிலத்தில் இதற்கு மணி, தானியம் என்றுதான் பொருள். 'கிரானும்' என்ற லத்தீன் சொல் இதற்கு உறவு. மிளகை 'பெப்பர்கார்ன்' என்பதும், உப்பிட்ட மாட்டிறைச்சியை 'கார்ன்ட் பீஃப்' என்பதும் இந்த மணியை வைத்துத்தான். அந்த இறைச்சியில் சோளம் கிடையாது, உப்புக்கல்தான் மணி. (கால் ஆணியையும் கார்ன் என்பார்கள். அது கொம்பைக் குறிக்கும் வேறு லத்தீன் சொல்லில் இருந்து வந்தது.) ஓர் ஊரில் எது முக்கியமான தானியமோ அதுவே அந்த ஊரின் கார்ன். இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், ஜெர்மானியருக்கு ரை என்ற தானியம். 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் இருந்த 'கார்ன் சட்டங்கள்' இறக்குமதி தானியத்துக்கு வரிபோட்டவை. பார்வோனின் கனவில் வந்த ஏழு கதிர்களை 1611-இல் வந்த ஆங்கில பைபிள் கார்ன் கதிர்கள் என்றது. தமிழ் வேதாகமம் வம்பே வேண்டாம் என்று 'கதிர்கள்' என்று மட்டும் சொன்னது. எனக்கு அதுதான் பிடித்த மொழிபெயர்ப்பு.

மக்காச்சோளம் பிறந்தது மெக்சிகோவில். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு தியோசின்டே என்ற புல்லில் இருந்து அங்குள்ள மக்கள் வளர்த்தெடுத்த பயிர் அது. 1492-இல் கொலம்பஸ் கப்பல் ஏறிப் போனதற்குப் பிறகே ஐரோப்பா அதைப் பார்த்தது. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அதை 'இந்தியன் கார்ன்' என்றார்கள், அதாவது செவ்விந்தியரின் தானியம். நாளடைவில் 'இந்தியன்' உதிர்ந்துபோய் வெறும் கார்ன் நின்றது.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. நம் சோளம் வெள்ளைச்சோளமும் செஞ்சோளமும்தான். புதிதாக வந்ததற்கு 'மக்கா' என்ற அடைமொழி கொடுத்தோம். அது மெக்காவைக் குறிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். மெரினாவில் கரியில் வாட்டி, எலுமிச்சை மூடியால் மிளகாய்ப் பொடியும் உப்பும் தேய்த்துக் கொடுப்பது சாட்சாத் மக்காச்சோளம். "மக்காச்சோளம் ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் 'இந்தியன்' என்பதை உதிர்த்தது போலவே நாம் 'மக்கா'வை உதிர்த்துவிட்டோம்.

அடுத்து டாலி. டோரத்தி என்ற பெண் பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் டால், டாலி. மேரி 'மால்' ஆனதும் இப்படித்தான். சிலையைக் குறிக்கும் 'ஐடல்' என்ற சொல் தேய்ந்து டாலி ஆனது என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் ஓசை ஒற்றுமை. அதோடு, அறுவடைக்காரர்கள் இதை எல்லா இடத்திலும் டாலி என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நார்தம்பர்லாந்தில் அது 'கெர்ன் பேபி', ஸ்காட்லாந்தில் சில இடங்களில் 'கன்னி', கேலிக் மொழி பேசும் பகுதிகளில் 'கல்யாக்', அதாவது கிழவி. வேல்ஸ் எல்லைப் பக்கம் 'பெண்குதிரை'. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் 'கழுத்து'.

கார்ன்வாலின் கழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வயல் முழுக்க அரிந்து முடித்து, கடைசியாக ஒரு பிடித் தாள் நிற்கும். அதை அறுத்தவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "புடிச்சிட்டேன்!" என்று மூன்று முறை கத்துவார். "என்னத்தப் புடிச்ச?" என்று மற்றவர்கள் மூன்று முறை கேட்பார்கள். "கழுத்து! கழுத்து! கழுத்து!" உடனே ஒரே ஆரவாரம். வழக்கொழிந்து கிடந்த இந்தச் சடங்கை 1920களில் அங்குள்ள பழம்பண்பாட்டுச் சங்கங்கள் மறுபடி நடத்தத் தொடங்கின. கதிருக்குக் கழுத்து உண்டு என்பது நம் விவசாயிக்கும் தெரியும். நெல்லில் கழுத்துக் குலைநோய் வந்தால் கதிர் எங்கே ஒடிந்து தொங்குகிறது என்று அவரைக் கேட்டால் போதும்.

அந்தக் கடைசிப் பிடியைப் பின்னி, ரிப்பன் கட்டி, பண்ணை வீட்டில் அடுத்த அறுவடை வரை வைத்திருப்பார்கள். சில இடங்களில் ஜனவரியில் ஏர் பூட்டும்போது முதல் சாலில் போட்டு உழுதார்கள் என்றும் சொல்வதுண்டு. நம் நல்லேர் போல ஒன்று. தானியத்தின் உயிர் கடைசிக் கதிரில் ஒடுங்கிக் கிடக்கிறது என்ற விளக்கத்தைப் பரப்பியவர்கள் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களான ஜெர்மனியின் வில்ஹெல்ம் மன்ஹார்ட்டும், 1890-இல் எழுதிய ஜேம்ஸ் ஃப்ரேசரும். அறுத்தவர்கள் உண்மையிலேயே அப்படி நம்பினார்களா, வேலை முடிந்த குஷியில் ஆடினார்களா என்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. எனக்கும்தான்.

இந்தப் பழக்கத்தை முடித்துவைத்தது அறுவடை இயந்திரம். குட்டை ரகக் கோதுமையும் வந்த பிறகு பின்னுவதற்கு நீளத் தாளே கிடைக்கவில்லை. இன்று பின்னுபவர்கள் மாரிஸ் விட்ஜியன் போன்ற உயர ரகங்களைத் தேடிப் பிடித்து, உள்ளே துளையுள்ள தாளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னுகிறார்கள். ஊறாத தாள் மடக்கினால் பட்டென்று முறியும்.

இன்று கார்ன் டாலியைப் பூசையில் வைப்பவர்களில் மந்திரக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்களும் உண்டு. சரி, அவர்கள் எங்கே வந்தார்கள்? பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951-இல் நீங்கியது. 1954-இல் ஜெரால்ட் கார்ட்னர் தம் நெறியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். விக்கா என்று இன்று அறியப்படுவது அதுதான். இதை நாம் 'பில்லி சூனியம்' என்று எழுதினால் அநியாயம். இவர்கள் யார் வீட்டு வாசலிலும் எலுமிச்சம்பழம் புதைப்பவர்கள் இல்லை, பருவங்களைக் கொண்டாடுபவர்கள். இவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே 'பேகன்' என்று எழுதினால் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் வந்து நிற்கிறார். அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். 'நாட்டார் நெறி' என்றால் ஓரளவு பொருந்தும்.

இவர்களின் ஆண்டுச் சக்கரத்தில் எட்டு விழாக்கள். ஆகஸ்ட் 1 லம்மாஸ். பழைய ஆங்கிலத்தில் 'ரொட்டிப் பூசை' என்று பொருள். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள் மேபன். கேட்க ஆதிகாலப் பெயர் போல இருக்கும், ஆனால் 1970களில் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர் வைத்தது. இந்த நாட்களில் கதிரால் பின்னிய உருவைப் பூசை மேடையில் வைப்பார்கள். போன வருடத்து உருவை எரிப்பவர்களும் புதைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் மேடையில் ஏறியதோ மக்காச்சோளம்: கறுப்பும் சிவப்புமாக மணி உள்ள கதிர்கள், மேல்தோலை மடித்துக் கட்டிய பொம்மைகள். பெயர் மாறாமல் பயிர் மாறிவிட்டது. தோல் பொம்மை செய்வது வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹோடினோஷோனி மக்களின் பழைய கலை, அவற்றுக்கு முகம் வரைய மாட்டார்கள். மக்காச்சோள மாவு தூவி வழிபடுவது ஹோப்பி, சூனி என்ற பழங்குடி மக்களுக்குப் புனிதம். அதைக் கேட்காமல் எடுத்துத் தம் சடங்கில் சேர்ப்பது பற்றிய மனத்தாங்கல் அங்கே இருக்கிறது, நியாயமான மனத்தாங்கல்தான்.

தமிழில் என்ன சொல்வது? தானியத்துக்குப் பழைய சொல் கூலம்; மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் 'கூலப்பாவை' என்றால் இன்று யாருக்குப் புரியும்? வைக்கோல் பொம்மை என்றால் கன்றுக்குட்டிக்குள் அடைத்த வைக்கோல் ஞாபகம் வரும். என் தேர்வு கதிர்ப்பாவை. பாவை விளையாட்டுக்கும் வரும், நோன்புக்கும் வரும். குதிரை வடிவிலோ முடிச்சு வடிவிலோ பின்னினாலும் அந்தச் சொல் தாங்கும்.

நமக்கும் கதிரை வீட்டில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. ஆடி மாத நிறைபுத்தரிசியின்போது சுசீந்திரம் போன்ற குமரி மாவட்டக் கோயில்களில் கொடுக்கும் நெற்கதிரை வாசலில் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பார்கள், அதாவது புது நெற்கதிரை முதன்முதலாக அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் இவை முதல் கதிர்கள், கார்ன்வாலில் தூக்கிப் பிடித்ததோ கடைசிக் கதிர். அதனால் கார்ன் டாலிக்குப் 'புதிர்' என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கக் கதையில் வந்தால் கதிர்ப்பாவையும் உதவாது. அங்கே 'மக்காச்சோளத் தோல் பொம்மை' என்றே எழுதிவிடலாம். அந்த 'மக்கா'வை மட்டும் உதிர்த்துவிடாதீர்கள்.