டிவி மூலையில் தங்கிவிட்ட லோகோ

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டிவி சர்வீஸ் செய்கிற எங்களுக்கு இப்போது ஒரு புகார் அடிக்கடி வருகிறது. "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. மேல் மூலையில மட்டும் ஏதோ அழுக்கு. துடைச்சாலும் போகல." போய்ப் பார்த்தால் அது அழுக்கே இல்லை. அந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடும் செய்திச் சேனலின் லோகோ. சேனலை மாற்றினாலும் இருக்கும், செட்டாப் பாக்ஸைக் கழற்றினாலும் இருக்கும்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இதை ஆச்சிதான் முதலில் கண்டுபிடித்திருந்தார். கிரிக்கெட் ஓடும்போது பச்சை மைதானத்தின் மேல் மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் எழுத்து மாதிரி ஏதோ. மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன ஓ.எல்.இ.டி. டிவி. யூடியூபில் முழுத்திரைக்கும் வெறும் சாம்பல் நிறம் காட்டும் வீடியோ ஒன்றைப் போட்டேன். மூலையில் லோகோ, கீழே செய்தி ஓடும் பட்டையின் விளிம்பு, ஓரத்தில் மணி காட்டும் கட்டம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளைத் திரையை வைத்ததும் சிவப்பு லோகோ இருந்த இடம் லேசாக நீலப்பச்சை அடித்தது. "இது நம்ம நியூஸ் சேனலுல்ல!" என்றார் ஆச்சி. சேனல் பெயரைக்கூட வாசித்துவிடலாம், அந்த அளவுக்கு இருந்தது.

இதற்கு பர்ன்-இன் என்று பெயர். லோகோ திரையில் ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. ஓ.எல்.இ.டி. டிவியில் பின்னால் தனி விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எரிய எரிய அதன் வெளிச்சம் குறையும். படம் மாறிக்கொண்டே இருந்தால் எல்லாப் புள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவில் தேயும், நம் கண்ணுக்கும் தெரியாது. லோகோ நிற்கிற இடத்தில் மட்டும் அதே புள்ளிகள் அதே நிறத்தில் நாள் முழுக்க எரிகின்றன. பழைய வீடுகளில் முற்றத்துக்கு இறங்கும் கல்படி நடுவில் மட்டும் தேய்ந்து கிடக்குமே, அதே கதைதான். சிவப்பு லோகோ என்றால் அங்கே சிவப்புப் புள்ளிகள் சோர்ந்துவிடும். பிறகு வெள்ளை காட்டச் சொன்னால் சிவப்பு பற்றாமல் நீலப்பச்சையாகத்தான் வரும். தேய்ந்த புள்ளியைத் திரும்ப வளர்க்க யாராலும் முடியாது. பேனலை, அதாவது திரையையே மாற்றலாம், ஆனால் அந்தச் செலவுக்குப் பேசாமல் புது டிவியே பார்த்துவிடலாம்.

இது புது வியாதியும் இல்லை. சாலிடேர், டயனோரா காலத்துப் படக்குழாய் டிவியிலும் அசையாத படத்தை நெடுநேரம் வைத்தால் உள்ளே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் கருகித் தடம் விழும். ஆனால் அன்றைக்கு வீட்டு டிவியில் அசையாமல் நிற்க என்ன இருந்தது? 1976 இல் தூர்தர்ஷன் ஆகாசவாணியிலிருந்து பிரிந்த காலத்திலிருந்து நாம் பார்க்கிற அந்தக் கண், ரவிசங்கர் இசைக்குச் சுழன்று வந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். இன்றைக்கும் நிகழ்ச்சிகளுக்கு நடுவே சேனல்கள் போடும் இந்த மாதிரி அடையாளப் படங்களால் திரைக்கு ஒரு கெடுதலும் இல்லை. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சில நொடிதான். கெடுப்பது மூலையில் குடியிருக்கும் லோகோவும் அதன் கூட்டாளிகளும்: 'நேரலை' பட்டை, சிவப்பு பிரேக்கிங் பட்டை, கடிகாரம், உள்ளூர் கேபிள் சேனலில் பழைய படத்துக்கு அடியில் நிற்கும் கடை விளம்பரம்.

சேனலைத் திட்டிப் பயனில்லை. நூற்றுக்கணக்கான சேனல்களுக்கு நடுவே தான் யார் என்று சொல்லியாக வேண்டும். தன் காட்சியை இன்னொருவர் எடுத்துப் போட்டால் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். சில சேனல்கள் லோகோவைக் கண்ணாடி மாதிரி மங்கலாக வைக்கின்றன, அது திரைக்கு நல்லது. செய்திச் சேனல்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு ஓடினால் தடம் விழும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2018 ஜனவரியில் கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற டிவி பரிசோதனைத் தளம் ஒரே மாடல் ஓ.எல்.இ.டி. டிவி ஆறை வாங்கி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு காட்சியை ஒரு நாளுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டது. இரண்டில் சி.என்.என். செய்திச் சேனல், ஒன்றில் அளவான வெளிச்சம், இன்னொன்றில் முழு வெளிச்சம். இரண்டிலும் தடம் விழுந்தது, முழு வெளிச்சம் வைத்ததில்தான் அதிகம். நம் வீடுகளில் 20 மணி நேரம் ஓடாது, சரி. ஆனால் கடையில் காட்சிக்கு வைத்திருந்த, வெளிச்சமும் நிறமும் தூக்கலான 'விவிட்' மோடை அப்படியே விட்டு, ஒரே செய்திச் சேனலைத் தினமும் பத்து மணி நேரம் ஓட்டினால் நாமும் அதே ரோட்டில்தான் போகிறோம். அன்றைய மாடல்களை விட இன்றைய பேனல்கள் மேல். அதற்காகத் தேயாத பேனல் என்று எதுவும் வந்துவிடவில்லை.

இனி, நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. டிவியை ரிமோட்டில் அணைத்தாலும், "சுவத்துல சுவிட்ச ஆஃப் பண்ணுப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். கரண்ட் மிச்சம். பின்னால் தனி விளக்கு உள்ள எல்.இ.டி. டிவிக்கு இதில் தப்பே இல்லை. ஓ.எல்.இ.டி.க்குத் தப்பு. பல ஓ.எல்.இ.டி. டிவிகள் மொத்தமாக நாலு மணி நேரம் போல ஓடியபின், ரிமோட்டில் அணைத்ததும் தாமாகவே ஒரு வேலையைத் தொடங்கும். எந்த இடம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத் திரையைச் சமப்படுத்தும். சில நிமிட வேலைதான், வெளியே ஒன்றும் தெரியாது. ரிமோட்டை அழுத்திய கையோடு சுவிட்சையும் தட்டினால் அந்த வேலை ஒருநாளும் நடக்காது. தடம் விழுந்த ஓ.எல்.இ.டி. எதைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது இந்தச் சுவிட்சைப் பற்றித்தான். பெரும்பாலும் "ஆமா, எப்பவும் ஆஃப் பண்ணிடுவோமே" என்ற பதில்தான் வரும், அதுவும் கொஞ்சம் பெருமையாக.

இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்குங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கல்யாணமோ படைப்போ முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள், முதல்நாள் இரவு டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்துவைத்து, காலையில் கிளம்பும்போது பிளக்கைக் கழற்றலாம்.

திரையைச் சமப்படுத்தும் வேலையை மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷ், பேனல் ரெஃப்ரெஷ் என்ற பெயரில் நாமே ஓட்டும் வசதியும் உண்டு. நல்லதுதானே என்று வாரா வாரம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தன் டிவிகளில் இதைத் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்கிறது சோனி. அறை வெப்பம் 10 முதல் 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கத்து மொட்டைமாடி அறையில் மத்தியானம் இதைத் தொடங்கினால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதைவிட, லோகோ இருக்கும் இடத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் வசதியும் படத்தை இம்மியளவு நகர்த்தும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கும். அவை ஆனில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்.இ.டி. வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அங்கே எரிவது பின்னால் இருக்கும் விளக்கு, முன்னால் இருப்பது திரவப்படிகம். எப்போதாவது லோகோ நிழல் தங்கினாலும் சில மணி நேரம் அணைத்துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். லோகோ கருகிவிட்டது என்று சொல்லிக் கொண்டுவரும் எல்.இ.டி. டிவிகளில் கோளாறு வேறாக இருக்கும். வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பின்விளக்குப் பட்டையில் (பேக்லைட் ஸ்ட்ரிப்) லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது, ஒட்டினால் சரி. திரையில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தால் வெயிலைச் சந்தேகப்படுங்கள். முற்றத்து வெயில் நேரே படும் சுவரில் டிவியை மாட்டாதீர்கள்.

இன்னொரு போன் வரும்: "டிவி நடுவுல ஏதோ நம்பர் வந்து வந்து போகுது, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" இல்லை. அது உங்கள் செட்டாப் பாக்ஸின் எண். யாராவது சேனலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்பினால் எந்தப் பாக்ஸிலிருந்து போனது என்று பிடிக்க, கேபிள் நிறுவனமும் சேனலும் இப்படிக் காட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வரும், கொஞ்ச நேரத்தில் மறையும். திரைக்கு ஒன்றும் ஆகாது. ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வேண்டியதும் இல்லை.

கடை, லாட்ஜ், மண்டபம் வைத்திருப்பவர்களுக்குத்தான் நான் கொஞ்சம் கறாராகச் சொல்வேன்: ஓ.எல்.இ.டி. வேண்டவே வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் பழைய பிளாஸ்மா டிவி இன்னும் ஓடுகிறது. அதிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தடமும் விழும். செய்திச் சேனல் லோகோவை மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த டிவியில் புது லோகோவுக்குப் பக்கத்தில் பழைய லோகோவும் நிழலாக நிற்கிறது. அங்கே அது யாருக்கும் தொந்தரவு இல்லை. ஜவுளிக்கடையில் புடவை டிசைன் காட்டும் திரையில் கடைப் பெயரே தடமாக விழுந்தால் புடவையின் நிறம் மாறித் தெரியும், வாடிக்கையாளர் வாங்காமல் போவார்.

வீட்டுக்கு வாங்கும்போது, அந்த வீட்டில் டிவி முன்னால் அதிக நேரம் உட்காருவது யார், என்ன பார்க்கிறார் என்று யோசியுங்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் சினிமா என்றால் ஓ.எல்.இ.டி. அருமை, அந்தக் கறுப்பு வேறெதிலும் வராது. பகல் முழுக்க செய்தி ஓடும் வீட்டுக்கு நல்ல எல்.இ.டி. டிவியே போதும், பணமும் மிச்சம். அப்படியும் ஓ.எல்.இ.டி.தான் என்றால், பர்ன்-இன் வாரண்டியில் சேருமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பல கம்பெனிகளின் வாரண்டியில் அது சேராது. "அதெல்லாம் வராது சார்" என்று கடைக்காரர் சொன்னால், வந்தால் யார் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.