கதை எழுதுகிறவருக்குப் பகடை எதற்கு?

கதை எழுதுகிறவருக்கு முடிவு முன்பே தெரியும். அது வசதி, அதுவே தொல்லையும்கூட. முடிவை நோக்கிப் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு போகிறோம். தள்ளுகிற கை வாசகர் கண்ணில் பட்டுவிடுகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் பாத்திர விளையாட்டு (role-playing game) அந்தக் கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. பாத்திரம் எதற்கு முயல்கிறது என்பது மட்டும்தான் உங்கள் வசம். என்ன நடக்கிறது என்பதைப் பகடையும் எதிரில் இருந்து விளையாட்டை நடத்துபவரும் முடிவு செய்கிறார்கள்.

இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆண்டு 1974. அதன் இருபது முகப் பகடையில் எந்த எண்ணும் விழ 5% வாய்ப்பு. பெரும்பாலும் வெற்றி அல்லது தோல்வி, அவ்வளவுதான். எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பயன்படுவது 2010இல் வின்சென்ட் பேக்கர் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டின் முறை. லூடோ பெட்டியில் கிடக்கும் சாதாரணப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைமை மோசமாகும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கேட்டது கிடைக்கும். 7 முதல் 9 வரை வந்தால் கிடைக்கும், ஆனால் ஒரு விலை கொடுத்து.

அந்த விலையில்தான் கதை இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சரசு என்று ஒரு பாத்திரம். நவம்பர் மழை. மூன்று மூட்டை பச்சை இலை ரோட்டோரம் கிடக்கிறது. ஃபேக்டரி வேன் கிளம்பப் போகிறது. மூட்டைக்குள் இலை சூடேறிச் சிவந்துவிட்டால் விலை போகாது. சரசுவை ஆடுபவர் டிரைவரை நிறுத்தப் பார்க்கிறார். பகடையில் 8. விளையாட்டை நடத்துபவர் டிரைவராகப் பேசுகிறார்: “ஏத்திக்கறேன் அக்கா. ஆனா எடை என் பேர்லதான் விழும். பணம் மாசக் கடைசியில நான் தர்றேன்.” இலை பிழைத்தது, சரசு ஒருவனுக்குக் கட்டுப்பட்டாள். 11 விழுந்திருந்தால் வேன் நின்றிருக்கும், காட்சியும் அங்கேயே முடிந்திருக்கும்.

இரண்டு பகடையில் 36 விதமாக எண் விழலாம். அதில் 15 தோல்விக்கு, 15 விலையோடு கிடைக்கும் வெற்றிக்கு, 6 மட்டும் முழு வெற்றிக்கு. பாத்திரத்துக்குத் திறமை இருந்தால் கூட்டுத்தொகையோடு 1 சேர்ப்பார்கள். அப்போது கணக்கு 10, 16, 10 ஆகும். நடு வகை குறையாமல் தோல்வி மட்டும் குறைகிறது. 3 சேர்த்தால் 3, 12, 21. பாதிக்கு மேல் முழு வெற்றி. கதை சப்பென்று ஆகிவிடும். நாவலுக்காக ஆடும்போது 2க்கு மேல் சேர்க்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

எல்லாவற்றுக்கும் பகடை உருட்டவும் கூடாது. தோற்றாலும் ஜெயித்தாலும் கதை நகரும் இடத்தில் மட்டும் உருட்டுங்கள். சரசு அடுப்பு மூட்டுவதற்கு வேண்டாம்; தாத்தா கண்டியிலிருந்து கொண்டுவந்த காகிதங்களை அவள் தாலுகா அலுவலகத்தில் காட்டும்போது வேண்டும்.

ஆள் கணக்கு: நடத்துபவர் ஒருவர், ஆடுபவர் மூவர், இரண்டரை மணி நேரம். பாத்திரத்துக்கு நான்கு வரி எழுதினால் போதும்: என்ன வேண்டும், எதற்குப் பயம், யாரிடம் எதை மறைக்கிறார், மேசையில் உள்ள இன்னொரு பாத்திரத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார். நான்காவது வரியை விட்டுவிட்டால் மூன்று பேரும் மூன்று தனிக்கதை ஆடிக்கொண்டிருப்பார்கள். வரப்போகும் ஆபத்துக்கு ஒரு வட்டம் வரைந்து ஆறு பங்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பங்கைக் கறுப்பாக்குங்கள்; ஆறும் கறுத்தால் மண் சரிகிறது, ரோடு போகிறது. எல்லோர் கண்முன்னும் அது நிரம்புவதால் பேச்சின் வேகம் தானாக மாறும்.

ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் உங்கள் முதல் வாசகர்கள். ஜூலையில் கோத்தகிரியில் ஓயாத மழை என்று நடத்துபவர் சொன்னால், ஊர் தெரிந்தவர் உடனே நிறுத்துவார். அது கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து மழை. கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஆடியதை அப்படியே எழுதினால் படிக்க முடியாது. மேசையில் எல்லோரும் பகடையைப் பார்த்தார்கள், வாசகர் பார்க்கவில்லை. வேன் திடீரென்று பழுதானால் மேசையில் அது பரபரப்பு, எழுத்தில் ஆசிரியரின் தந்திரம். ஆகவே பகடை தந்த ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணத்தை முன்னால் கொண்டுபோய் ஊன்ற வேண்டும்: இரண்டு அத்தியாயம் முன்பே டிரைவர் கிளட்ச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்கட்டும். ஆடிய அன்றே பாத்திரங்கள் எடுத்த முடிவுகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். நடையும் வர்ணனையும் பிறகு வரும். இரண்டரை மணி ஆட்டத்தில் கதைக்குத் தேறுவது இரண்டு, மூன்று காட்சிகள். அதுவே நல்ல விளைச்சல்.

இன்னொரு கோளாறு, பாத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஆடுவது. தன் பாத்திரம் அவமானப்படக் கூடாது என்று ஆடுபவர் ஒதுங்கிப் போவார். “உன் பாத்திரத்துக்கு எது நேர்ந்தால் கதை நன்றாயிருக்கும்?” என்று நடத்துபவர் அவரிடமே கேட்டால் பெரும்பாலும் பதில் வரும், பகடை தேவைப்படாத அளவுக்கு.

மழையில் ஆள் சேராத நாளில் ஒரே பகடையோடு தனியாக ஆடலாம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள்: 1, 2 என்றால் இல்லை; 3, 4 என்றால் ஆம், ஆனால் ஒரு சிக்கலோடு; 5, 6 என்றால் ஆம். கூட்டாக ஆடும்போது உட்காருவதற்கு முன்பே இரண்டு விஷயம் பேசித் தீர்க்க வேண்டும். யாருக்கு எந்த விஷயம் மேசையில் வேண்டாம் என்பது ஒன்று. மற்றவர் உருவாக்கிய பாத்திரத்தையும் வசனத்தையும் நீங்கள் எழுதி வெளியிடலாமா, யார் பெயரில் என்பது மற்றொன்று. இதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.