மருந்து ரியாக்‌ஷனை எழுதிக் கொடுக்க யார் கையெழுத்தும் வேண்டாம்

உங்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால், அதற்கான படிவத்தில் எழுதி அரசுக்குத் தெரிவிக்க டூட்டி டாக்டர், கன்சல்டன்ட், சூப்பிரண்டு என்று யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதலாம், ஸ்டாஃப் நர்ஸ் எழுதலாம், மருந்தாளுநர் எழுதலாம், நோயாளியோ அவர் வீட்டாரோகூட எழுதலாம். விதி இவ்வளவு எளிது. பயிற்சி வகுப்பில் இதை வெளிப்படையாகச் சொல்பவர்கள்தான் குறைவு.

திட்டத்தின் வரலாறு சுருக்கமாக: இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் தொடங்கியது. 2011 ஏப்ரலில் பொறுப்பு காசியாபாத்தில் இருக்கும் இந்தியன் பார்மகோபியா கமிஷனுக்குப் போனது. மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உண்டு. ஏஎம்சி என்று சொல்வார்கள், பெரும்பாலும் பார்மகாலஜி துறையில் இருக்கும். அங்கே சேரும் அறிக்கைகள் காசியாபாத் வழியாக ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கும் உலகத் தரவுத்தளம்வரை போகின்றன. இதனால் என்ன பயன் என்று கேட்டால், 2023 நவம்பர் கடைசியில் வந்த எச்சரிக்கையைச் சொல்வேன். மாதவிலக்கு வலிக்குச் சாதாரணமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மெஃபெனமிக் ஆசிட், காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு என்று ‘டிரெஸ்’ என்ற கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று கமிஷன் அறிவித்தது. இந்தத் திட்டத்துக்கு வந்த அறிக்கைகளை வைத்துத்தான் அது தெரிந்தது. டிரெஸ் மாத்திரை போட்ட அன்றே வராது, வாரக்கணக்கில் கழித்து வரும். யாரோ ஒருவர் பழைய மாத்திரையை நினைவில் வைத்துப் படிவத்தில் எழுதியதால்தான் கணக்கில் வந்தது.

பயிற்சி என்ற பெயரில் நடப்பது

செப்டம்பர் 17 முதல் 23 வரை தேசிய மருந்துக் கண்காணிப்பு வாரம். ஆஸ்பத்திரிகளில் பேனர் கட்டி, ஆங்கிலத்தில் ஸ்லைடு ஓட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்கப் போனவர், ஐசியுவை விட்டு நகர முடியாதவர், ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் எல்லாம் அந்த போட்டோவில் இருக்க மாட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆன்டிபயாடிக் போடுவது இவர்கள்தான்.

மருத்துவக் கல்லூரி என்றால் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் தரத்துக்குக் கொடுக்கும் என்ஏபிஹெச் சான்று வேண்டுமென்றால் மருந்துப் பிழைகளையும் பாதக விளைவுகளையும் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதனால் எல்லா இடத்திலும் ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்தால் மாதாமாதம் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாதம் முழுக்க ஒருவருக்குக்கூட மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை என்றால், யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆய்வுக்கு வருபவர்களில் சிலர் அந்த ‘நில்’லைப் பாராட்டிவிட்டுப் போவது இன்னும் கொடுமை.

பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் ஸ்லைடைக் குறையுங்கள். உங்கள் வார்டிலேயே போன மாதம் நடந்த ஒரு கேஸை எடுத்து, ஆளுக்கொரு வெற்றுப் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கேதான் பாடம் இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டிலேயே நடத்தினால் நைட் டியூட்டிக்காரர்களும் கிடைப்பார்கள்.

பேனா நிற்கும் இடங்கள்

கட்டாயம் நிரப்ப வேண்டியவை ஆறே விஷயம்: நோயாளி பெயரின் முதலெழுத்துகள், ரியாக்‌ஷன் வந்தபோது வயது, என்ன ரியாக்‌ஷன், எந்தத் தேதியில் தொடங்கியது, சந்தேகப்படும் மருந்து, எழுதுபவரின் விவரம். முழுப் பெயரை எழுதிவிட்டு, அப்புறம் ரகசியம் போய்விட்டதே என்று படிவத்தைக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. முதலெழுத்துகள் போதும்.

அடுத்தது ‘காரண மதிப்பீடு’ என்ற கட்டம். இந்த மருந்தால்தான் வந்தது என்பது உறுதியா, அநேகமாகவா, இருக்கலாமா என்று கேட்கும். இதைப் பார்த்ததும் நர்சுகள் பயந்து படிவத்தை மூடிவிடுகிறார்கள். அதை ஏஎம்சி பார்த்துக்கொள்ளும், காலியாக விடுங்கள். நிரூபிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தாலே எழுதலாம், அதற்காகத்தான் படிவமே.

“இது தெரிஞ்ச சைடு எஃபெக்ட்தானே, புக்கிலேயே இருக்கே” என்று சீனியர் சொல்லித் தடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. தெரிந்ததோ தெரியாததோ, கடுமையானதோ லேசானதோ, எல்லாவற்றையும் எழுதச் சொல்லித்தான் படிவம் கேட்கிறது. ஒரே பேட்சில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான மருந்தில், தெரிந்த பக்கவிளைவு திடீரென்று கூடினால், எழுதி வைத்திருந்தால்தானே கண்ணில் படும்?

மருந்துக் கட்டங்களில் ஒரு குழப்பம் உண்டு. ரியாக்‌ஷன் வந்ததும் அலர்ஜியை அடக்க அவில், டெக்ஸா ஊசிகளைப் போட்டிருப்பார்கள். அவற்றையும் கூடவே எடுத்த மருந்துகளில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். கூடாது. சிகிச்சைக்காகக் கொடுத்தவை அந்தக் கட்டத்துக்கு வெளியே. அங்கே வர வேண்டியது, நோயாளி ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவை: பிரஷர் மாத்திரை, கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம். “வேறு மாத்திரை ஏதாவது?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நாட்டு மருந்து என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் பையிலிருந்து பொட்டலம் வெளியே வரும்.

பேட்ச் எண்ணில்தான் பெரும்பாலான படிவங்கள் வீணாகின்றன. கட்டாயமில்லை என்றாலும், ஊசி மருந்தில் கோளாறா என்று பின்னால் தேட அது ஒன்றுதான் வழி. குளிர் நடுக்கம் வந்து, டாக்டரைக் கூப்பிட்டு, நோயாளியைச் சரிசெய்து நிமிர்வதற்குள் மருந்து இருந்த காலிக் குப்பி, அதாவது வயல், குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்த இரண்டு மாத்திரையில் பேட்ச் எண்ணும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. ரியாக்‌ஷன் என்று தோன்றியதும் முதலில் நோயாளி. உடனே அடுத்து அந்த வயலையும் பாட்டிலையும் தனியே எடுத்து வைத்து, லேபிளை மொபைலில் போட்டோ எடுங்கள். சாவகாசமாகப் படிவம் நிரப்ப அது போதும்.

எது படிவம், எது இன்சிடென்ட் ரிப்போர்ட்

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை வைத்துச் சொல்கிறேன். ஒரு கிராம் டோஸை நிமிடத்துக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போகாமல், அதாவது 100 நிமிடத்துக்குக் குறையாமல், மெதுவாக ஏற்ற வேண்டும். வேலை நெருக்கடியில் டிரிப்பை வேகமாகத் திறந்துவிட்டால் முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கலாம். உடனே கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேகத்தால் வந்த விளைவு. அலர்ஜி என்று முத்திரை குத்தினால், பின்னொரு நாள் அந்த மருந்து ஒன்றே வழியாக இருக்கும்போது நோயாளிக்குக் கிடைக்காமல் போகும். இது ரியாக்‌ஷன் என்பதால் அரசுப் படிவத்தில் எழுத வேண்டும், எவ்வளவு நேரத்தில் ஏற்றினோம் என்பதையும் சேர்த்து. பிழையும் நடந்திருப்பதால் ஆஸ்பத்திரியின் உள் இன்சிடென்ட் ரிப்போர்ட்டிலும் எழுத வேண்டும்.

நோயாளிக்கு ஒன்றும் ஆகாமல் கடைசி நொடியில் பிடிபட்ட தவறு வேறு கணக்கு. டிஸ்டில்டு வாட்டர் ஆம்ப்யூலும், நேராக ஏற்றினால் உயிரையே பறிக்கும் பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் ஒரே தட்டில் கிடந்தன, கையில் எடுத்த பிறகுதான் லேபிளைப் பார்த்தீர்கள் என்று வையுங்கள். ரியாக்‌ஷன் இல்லாததால் அரசுப் படிவத்தில் இதற்கு இடமில்லை. இன்சிடென்ட் ரிப்போர்ட் கொடுங்கள். ‘யார் வைத்தது’ என்பதை விட்டு ‘எங்கே இருந்தது, எப்படி இருந்தது’ என்று எழுதுங்கள். பொட்டாசியத்தைத் தனிப் பெட்டியில் வைக்க வைப்பது அந்த வரிதான்.

டிரிப் செட், கேனுலா போன்ற கருவிகளில் கோளாறு என்றால் 2015-இல் தொடங்கிய கருவிக் கண்காணிப்புத் திட்டத்தின் தனிப் படிவம். ரத்தம் ஏற்றியதில் வந்தது என்றால் ரத்த வங்கி வழியாக. மாற்றிக் கொடுத்தால் அலைய விடுவார்கள்.

எழுதினால் வேலை போகுமா?

ஒப்பந்த நர்ஸ் ஒருவர் படிவம் கேட்டதற்கே “உன்னை யார் எழுதச் சொன்னது” என்று மெமோ வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகத்துக்குப் பயம் வழக்கைப் பற்றி. அந்தப் பயத்துக்குப் படிவத்திலேயே பதில் இருக்கிறது: அறிக்கை கொடுப்பதாலேயே மருத்துவப் பணியாளரோ கம்பெனியோ மருந்தோதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது, நோயாளியின் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும், எழுதியவர் யார் என்பதையும் பொதுமக்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அந்தப் பத்தியை அச்செடுத்து நர்ஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுங்கள். வாய் வார்த்தையாகச் சொல்வதைவிட அது பேசும்.

உங்கள் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். பின்னால் அடித்துத் திருத்தாதீர்கள். சிக்கல் வருவது திருத்தத்தில்தான்.

உள்ளே வழி அடைபட்டால் வெளியே திறந்திருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் ஏஎம்சி இல்லாவிட்டாலும் பக்கத்து மருத்துவக் கல்லூரி மையத்துக்குக் கொடுக்கலாம், மொபைல் செயலியில் போடலாம். இல்லாவிட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். அந்த எண் வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரைதான். ரியாக்‌ஷன் அந்த நேரம் பார்த்தா வரும் என்று கேட்காதீர்கள். ராத்திரி நடந்ததைக் குறித்து வைத்துக் காலையில் கூப்பிடுங்கள்.

நோயாளி வீட்டாருக்கு

உங்களுக்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதை நிரப்பினால் நஷ்டஈடு வராது, டாக்டர் மீது விசாரணையும் வராது. நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பாட்டிலில் தூசி மிதக்கிறது, மாத்திரை உதிர்கிறது என்றால் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் மூன்று இடத்திலும் “இது எங்களுக்கு வராது” என்ற பதில்தான் கிடைக்கும்.

மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதி. “எம்ஆர்டியில் (ஆவணங்கள் வைக்கும் பிரிவில்) ஆள் இல்லை” என்பதை ஒரு பதிலாக ஏற்காதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் வாசலிலேயே படியுங்கள். “உடம்பு வாகு, சரியாயிடும்” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டு, தாளில் ஒரு வரிகூட எழுதாமல் விட்ட ஒரு பெண்ணுக்கு, அடுத்த காய்ச்சலின்போது வேறு ஊரில் அதே ஊசியைப் போட்டார்கள். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். எந்த மருந்து, என்ன ஆனது, எந்தத் தேதி என்று மூன்றும் சம்மரியில் வர வேண்டும். பிராண்ட் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அதே மருந்து இன்னொரு கம்பெனி பெயரில் திரும்ப வரும். மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அதுவரை பில்லைக் கட்டிவிட்டாலும் கிளம்பாதீர்கள்.