தற்சுழல் இறக்கம் (ஆட்டோரொட்டேஷன்)

'அவசரத் தரையிறக்கப் பயிற்சியில் ஹெலிகொப்டர் விபத்து' என்று ஒரு வரிச் செய்தி வருகிறது. என்ன பழகினார்கள், எங்கே பிழை நடந்தது என்று அந்த வரியில் எதுவும் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் பழகியது ஆட்டோரொட்டேஷன்: இயந்திரம் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு ஹெலிகொப்டரை இறக்குவது.

'ஆட்டோஸ்' கிரேக்கம், தான் என்று பொருள். 'ரோட்டா' லத்தீன், சக்கரம். தானே சுழல்வது என்பதுதான் சேர்ந்த பொருள். ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா உருவாக்கிய ஆட்டோஜைரோ என்ற விசிறி விமானம் 1923 ஜனவரியில் பறந்தபோது, அதன் மேல்விசிறியை இயந்திரம் சுற்றவில்லை. எதிர்ப்பட்ட காற்றே சுற்றியது. மாத்தளைப் பக்கம் மஹோகனி விதை சுழன்று சுழன்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தாவரவியலாளர்கள் அதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஹெலிகொப்டரில் இயந்திரம் நின்றவுடன் சுழலி, அதாவது மேல்விசிறி, இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டுத் தனியே சுற்றும்படி அமைப்பு உண்டு. விமானி இடக்கை நெம்புகோலை உடனே கீழே இறக்க வேண்டும். சுழலியின் இறக்கைகள் சாய்வு குறைந்து, கீழிருந்து ஏறும் காற்றில் தொடர்ந்து சுற்றும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசியில் நெம்புகோலை உயர்த்தினால், சுழலியில் மிச்சமிருக்கும் வேகம் வண்டியை மெத்தென்று உட்கார வைக்கும். அந்த மிச்சம் ஒரே தடவைக்குத்தான் போதும். 1972 ஜூன் 21இல் பிரான்சின் ஜான் பூலே 12,442 மீற்றர் ஏறி உலக சாதனை செய்தார்; திரும்பும்போது இயந்திரம் அணைந்துவிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்தும் இப்படியே இறங்கிப் பத்திரமாகத் தரை தொட்டார்.

'ஆட்டோ' என்றதும் 'தானியங்கி இறக்கம்' என்று எழுதிவிடுகிற பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. கருவி ஏதோ பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தை அது தருகிறது. உண்மையில் இதில் எல்லாமே கையும் கண்ணும்தான். ஆர்22 போன்ற சிறிய பயிற்சி ஹெலிகொப்டரில் சுழலி எடை குறைந்தது; நெம்புகோலை இறக்க ஓரிரு விநாடி பிந்தினாலே சுழலி தளர்ந்துவிடும்.

பயிற்சியில் விபத்து வரும் வழிகளும் இவையே. பயிற்றுநர் விசையைக் குறைத்ததும் மாணவர் திகைத்து நிற்பார். அல்லது மூக்கைத் தூக்குவது முந்திப்போய், உயரத்திலேயே வேகம் தீர்ந்துவிடும். பிந்தினால் வால் தரையில் அடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தபடி தரை தொட்டாலும் வண்டி புரளும். தரைக்குச் சற்று மேலே விசையைத் திரும்பக் கொடுத்துப் பறந்துவிடுவதாகத் திட்டமிட்டிருந்து, அந்த விசை நேரத்துக்கு வராமல் போவதும் உண்டு. நல்ல நிலையில் இருந்த ஹெலிகொப்டர் பழகப் போய் உடைகிறது என்பது மனதை வருத்தும் விஷயம். பழகாமல் விட்டாலோ, உண்மையில் இயந்திரம் நிற்கும் நாளில் கை போகாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013இல் இந்தப் பயிற்சிக்கென்றே தனி ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டது.

நம் மலையகத்தை வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். நுவரெலியா 1,868 மீற்றர் (ஏறத்தாழ 6,100 அடி) உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. மெல்லிய காற்றில் ஹெலிகொப்டர் இன்னும் வேகமாக இறங்கும். இயந்திரத்தின் மிகைவலுவும் குறையும். ஆர்22 தயாரிப்பாளரின் பாதுகாப்புக் குறிப்பு ஒன்று, சுழலியின் வேகம், வழக்கமான வேகத்தின் 80 வீதத்தோடு ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஒரு வீதம் கூட்டிவரும் அளவுக்குக் கீழே போனால் மீட்க முடியாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. கடலோரத்தில் 80 என்றால் நுவரெலியாவில் ஏறத்தாழ 86. தவறு செய்ய இருக்கும் இடம் அவ்வளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் தேயிலைச் சரிவு, பள்ளத்தாக்கைக் கடக்கும் மின்கம்பி, திடீரென்று இறங்கும் மூடுபனி. மட்டமான இடம் என்று தேடினால் பாடசாலை கிரவுண்டும் தோட்டத்து விளையாட்டு மைதானமும்தான். டித்வா புயலில் பாதைகள் அறுந்து கிடந்தபோது, ஹெலி வந்து இறங்க இடம் கிடைப்பது எத்தனை பெரிய விஷயம் என்று நம் சனங்கள் நேரிலேயே கண்டார்கள்.

தமிழுக்கு வருவோம். தன் + சுழற்சி, புணர்ந்தால் தற்சுழற்சி, தற்காப்பு போல. ஆனால் பூமி தன் அச்சில் சுற்றுவதையும் தற்சுழற்சி என்றே படிக்கிறோம். ஆகவே இறக்கத்தையும் சேர்த்துத் 'தற்சுழல் இறக்கம்' என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஏத்தம், எறக்கம் என்று நாள் முழுக்கப் பேசுகிற நமக்கு அது அந்நியமாகவும் ஒலிக்காது. சுழலி சுற்றுவதை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் தற்சுழற்சியே போதும். 'அவசரத் தரையிறக்கம்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். எரிபொருள் தீர்ந்து இறங்கினாலும், புகை வந்து இறங்கினாலும், பயணிக்கு நெஞ்சுவலி வந்து இறங்கினாலும் அதுதான் பெயர். செய்தியில் எழுதுவதானால், 'தற்சுழல் இறக்கம் பழகும்போது ஹெலிகொப்டர் விழுந்தது' என்று எழுதலாம்.