மணவாளக்குறிச்சி மணலும் கடிகாரம் இல்லாத அணுவும்

களியக்காவிளை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மாமா வாரம் தவறாமல் பாறசாலைக்குப் போய் கேரள லாட்டரி எடுப்பவராம். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை வந்துவிட்டாலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எல்லை ஒரு எட்டில்தானே இருக்கிறது. விழப்போகும் நம்பர் முன்பே தீர்மானமாகிவிட்டது, ஜோதிடர் கணித்துச் சொல்லிவிடுவார் என்பது மாமாவின் கட்சி. வாசகர் கேட்கிறார்: இயற்கையில் தற்செயல் என்று உண்மையிலேயே ஒன்று உண்டா, இல்லை நமக்குத் தெரியாததற்கு நாம் வைத்த பெயரா அது?

லாட்டரியைப் பொறுத்தவரை மாமா சொல்வதில் பாதி சரி. சுழலும் சக்கரத்தின் வேகம், உராய்வு, காற்று எல்லாம் துல்லியமாகத் தெரிந்தால் எங்கே நிற்கும் என்று கணக்கிட்டுவிடலாம். பிரபஞ்சம் முழுவதற்கும் இதையே 1814-ல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் சொன்னார். குளச்சல் கடலின் அலையும் அப்படித்தான். தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் முடிவு தலைகீழாகும் என்பதால் நம்மால் கணிக்க முடியவில்லை, அவ்வளவே. ஆனால் அந்த மயிரிழையை ஜாதகக் கட்டம் எப்படி அளக்கும்? ஒரு ஏழைக் குடும்பத்தின் பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, நிஜமான தற்செயலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மணவாளக்குறிச்சி கடற்கரையில் கருமணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்பு கார்னெட். இடையிடையே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு பரல்கள் தெரியும், அதுதான் மோனசைட். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அடையாளம் கண்டது. அதற்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. அந்த மணல்மேல் ஒருமுறை, கதிரியக்கத்தை டிக் சத்தமாகச் சொல்லும் கைகர் எண்ணியை வைத்துக் கேட்டேன். டிக்… டிக்டிக்… கொஞ்சம் மௌனம்… டிக். பெரும்பாலும் ஒவ்வொரு டிக்கும், தோரியத்தின் வழிவந்த ஏதோ ஓர் அணு அந்தக் கணத்தில் சிதைந்ததன் செய்தி.

தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். அப்படியும் 1 கிராம் தோரியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 4,000 அணுக்கள் சிதைகின்றன. அணுக்களின் எண்ணிக்கை அவ்வளவு! எந்த 4,000 என்பதுதான் கேள்வி.

தோரியம் சிதைவது என்றால், அதன் அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் என்ற சிறு துண்டு வெளியேறுவது. அந்தத் துகள் உள்ளே அடைபட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஆற்றல் அரண். ஏறித் தாண்ட, துகளிடம் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ஆற்றல் வேண்டும். வட்டக்கோட்டைச் சுவரில் எறிந்த பந்து எத்தனை முறை எறிந்தாலும் திரும்பித்தான் வரும். ஆனால் துகளுக்கு அலைத்தன்மை உண்டு. அந்த அலை சுவருக்குள் மங்கிக்கொண்டே போய், மறுபுறத்தில் இம்மியளவு மிஞ்சியிருக்கிறது. அந்த இம்மிதான் வெளியேறும் வாய்ப்பு. நொடிக்குக் கோடி கோடி கோடி முறை என்ற கணக்கில் துகள் சுவரில் மோதுகிறது. ஏதோ ஒரு மோதலில், சுவர் உடையாமலே, வெளியே இருக்கிறது! 1928-ல் ஜார்ஜ் காமோ என்ற இயற்பியலாளரும், தனியாக கர்னியும் காண்டனும் இதை விளக்கினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்னொன்று. அணுவுக்கு மூப்பு கிடையாது. 400 கோடி ஆண்டுகள் காத்திருந்த தோரியம் அணுவும் நேற்று உருவானதும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றே. அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பும் இரண்டுக்கும் ஒன்றே. உள்ளே கடிகாரம் இல்லை. 1910-ல் இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் கைகரும், பொலோனியம் என்ற இன்னொரு கதிரியக்கத் தனிமத்தின் ஆல்ஃபா துகள்களை ஏழரை நொடிக்கு ஒரு தடவையாக 2,608 தடவை எண்ணினார்கள். 57 தடவை ஒன்றுகூட வரவில்லை. 532 தடவை நான்கு வந்தன. ஒன்றையொன்று சாராத நிகழ்வுகளுக்குக் கணிதம் சொல்லும் வடிவத்தோடு அது அழகாகப் பொருந்தியது.

நமக்குத் தெரியாத காரணம் உள்ளே ஒளிந்திருக்கலாமே? ஐன்ஸ்டீனும் அப்படித்தான் நினைத்தார். 1964-ல் ஜான் பெல் என்ற இயற்பியலாளர் அதைச் சோதிக்க வழி காட்டினார். சோதித்தவர்களுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியை மிஞ்சாத வேகத்தில் செயல்படும் ஒளிந்த காரணம் எதுவும் அந்த முடிவுகளை விளக்காது. ஒளியை மிஞ்சும் தொடர்பை ஏற்றுக்கொண்டால், எல்லாம் தீர்மானமானது என்ற டேவிட் போமின் கோட்பாடு இன்றும் நிற்கிறது. வழக்கு முழுதாக முடியவில்லை. என் மனம் தற்செயலின் பக்கம்தான்.

நம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கைகர் எண்ணி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பெரிய செலவில்லை. தோரிய மணல் கிடைக்கும் ஊரில் பிள்ளைகள் அதன் சத்தத்தைக் கேட்காமலே படிப்பு முடிப்பது நியாயமா? பத்துப் பத்து நொடியாக நூறு தடவை எண்ணி, கட்டம் போட்ட தாளில் வரைந்தால் போதும். 1910-ல் அவர்கள் பார்த்த அதே மேட்டு வடிவம் பென்சில் நுனியில் எழுந்து வரும்.