மணல் தட்டைத் தவிர்க்கும் பூனை: வலியா, மணலா, இடமா?

பூனையைக் கூடையில் வைத்து என் மருத்துவமனைக்குக் கொண்டுவருபவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "இத்தனை நாள் ஒழுங்காக லிட்டர் பாக்ஸில்தான் போய்க்கொண்டிருந்தது, டாக்டர். இப்போது மெத்தையில் போகிறது. நாங்கள் ஊருக்குப் போய் வந்த கோபம் போலிருக்கிறது." சிலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, "வேறு யாராவது எடுத்து வளர்ப்பார்களா?" என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்வி வரை நிலைமை போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குத் தெருநாய்களையும் வண்டிகளையும் சமாளிக்கத் தெரியாது. அதைத் தெருவில் விடுவது சாகவிடுவதற்குச் சமம்.

பூனை கோபத்தில் மெத்தையை அசுத்தம் செய்வதில்லை. சிறுநீரை நாம் அருவருப்பாகப் பார்ப்பதுபோல அது பார்ப்பதில்லை. தன் சிறுநீரை வைத்து நம்மைத் தண்டிக்கலாம் என்ற எண்ணமும் அதற்கு வராது. மணல் தட்டுக்கு, அதாவது பூனை சிறுநீரும் மலமும் கழிக்க வீட்டில் வைக்கும் லிட்டர் பாக்ஸுக்கு, போவதில் ஏதோ ஒரு துன்பம் இருக்கிறது, அதனால் வேறிடம் தேடுகிறது. அந்தத் துன்பம் உடம்பில் இருக்கலாம், தட்டில் இருக்கலாம், தட்டு வைத்திருக்கும் இடத்தில் இருக்கலாம். இந்த வரிசையிலேயே தேட வேண்டும். தட்டை மாற்றிப் பார்த்து, மணலை மாற்றிப் பார்த்து, கடைசியில் மருத்துவரிடம் வருவது தலைகீழான வழி.

முதலில் ஆண் பூனைகள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சிறு கற்களோ, படிகங்களும் சளியும் சேர்ந்த அடைப்போ அதில் சிக்கிக்கொண்டால் சிறுநீர் வெளியேறவே வழியில்லாமல் போகும். பூனை மணல் தட்டுக்கும் குளியலறை மூலைக்குமாக மாறி மாறி ஓடும், குந்தி உட்கார்ந்து முக்கும், கத்தும், பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது. வீட்டில் இருப்பவர்கள் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். காத்திருக்க நேரமில்லை. கழிவுகள் ரத்தத்தில் தங்கி, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும்; 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். வாந்தி எடுத்துச் சோர்ந்து படுத்துவிட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று பொருள். கருத்தடை செய்த பூனைக்கும் இது வரும். இரவு எத்தனை மணியானாலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையைத் தேடிப் போங்கள்.

அடைப்பு இல்லாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, ரத்தம் கலந்து போவது, குளிர்ந்த தரை ஓட்டிலோ வாஷ்பேசினிலோ போவது ஆகியவை ஆண், பெண் இரண்டிலும் காணப்படும். இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழற்சி அடையும் நிலை. மன அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வீட்டுக்குப் புதுப் பூனை வந்தது, குழந்தை பிறந்தது, பெயின்ட் வேலை நடந்தது, ஒரு வாரம் பூட்டிய வீட்டில் பக்கத்து வீட்டார் மட்டும் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஏதாவது ஒன்று பின்னணியில் இருக்கும். ஊருக்குப் போய் வந்தவர்கள் கோபம் என்று எண்ணுவது பல நேரம் இந்த வலியைத்தான்.

பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் பாக்டீரியாத் தொற்று அரிது. ஆகவே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி நீங்களாகவே கொடுப்பதில் பயனில்லை. வலி குறையட்டும் என்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிட மோசம். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அரை மாத்திரையே கொன்றுவிடக்கூடும். சிறுநீர்ப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்த பிறகு மருந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்யக்கூடியது தண்ணீர் அதிகம் உள்ளே போக வழி செய்வது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. குறைவாகக் குடித்து, சிறுநீரை அடர்த்தியாக்கி வாழப் பழகிய உயிர். வெறும் உலர் தீவனம் மட்டும் தின்னும் பூனைக்கு உணவிலிருந்து போதிய ஈரம் கிடைப்பதில்லை. ஈரமான உணவு கொடுங்கள்; உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரைத் தீவனத்தில் ஊற்றுங்கள்; தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

வயதான பூனைகளின் கதை வேறு. சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைப்பு ஆகியவற்றில் சிறுநீரின் அளவு கூடுவதால் தட்டு சீக்கிரமே நனைந்துவிடும், அல்லது போய்ச் சேர்வதற்குள் வந்துவிடும். மூட்டு வலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 12 வயதைக் கடந்த பூனைகளை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானவற்றில் மூட்டுத் தேய்மானம் தெரியும். நொண்டாது, கத்தாது, அலமாரி மேல் ஏறுவதை மட்டும் நிறுத்தியிருக்கும். அந்தப் பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டித் தட்டுக்குள் இறங்குவது வேதனை. விளிம்பின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். பூனை குந்தி உட்கார்ந்து தரையில் போகிறதா, அல்லது நின்றுகொண்டு வாலை விறைத்து நடுங்கவைத்துச் சுவரிலும் திரைச்சீலையிலும் பீய்ச்சுகிறதா? இரண்டாவது, எல்லையைக் குறிக்கும் செயல். அதற்கும் மணல் தட்டுக்கும் சம்பந்தமில்லை. கருத்தடை அறுவை சிகிச்சையே முதல் தீர்வு. அதற்குப் பிறகும் தொடர்பவை ஆண்களில் சுமார் 10 சதவீதம், பெண்களில் சுமார் 5 சதவீதம் மட்டுமே. அப்படித் தொடரும் வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே உலவும் தெருப் பூனை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தால் போதும் என்ற நிலையும் உண்டு.

உடம்பில் குறையில்லை என்று தெரிந்த பிறகு தட்டுக்கு வருவோம். கடைகளில் விற்கும் தட்டுகளில் பல, குட்டிகளுக்கு மட்டுமே சரியாக இருக்கும். தட்டின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது வளர்ந்த பூனைக்கு ஏறக்குறைய 70 செ.மீ. இருக்க வேண்டும். துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தை வெட்டிக்கொள்வது மலிவு, நல்லதும்கூட. மூடி போட்ட தட்டு நம் மூக்குக்கு இதம். உள்ளே அடைபடும் நாற்றத்தை அனுபவிப்பது பூனை.

மணலில் பெரும்பாலான பூனைகள் விரும்புவது வாசனை சேர்க்காத, மெல்லிய, ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகையை. லாவெண்டர், எலுமிச்சை வாசனை எல்லாம் மனிதருக்காக. மரத்தூள் உருண்டைகள் சில பூனைகளின் பாதத்தை உறுத்தும். செலவைக் குறைக்கக் கட்டுமான எம்-சாண்ட் போடுபவர்கள் உண்டு. அதன் கூர்மையும் தூசியும் பூனைக்கு ஆகாது. தோட்ட மண்ணில் போய்ப் பழகிய பூனையைத் தத்தெடுத்திருந்தால், புது மணலோடு கொஞ்சம் மண்ணைக் கலந்து தொடங்குங்கள். மிகச் சிறிய குட்டிகள் மணலை வாயில் போடும் என்பதால் அவற்றுக்குக் கட்டியாகும் வகை வேண்டாம். எதைப் போட்டாலும் பழையதைத் திடீரென்று நிறுத்தாமல், இரண்டு தட்டுகளில் இரண்டு வகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பூனையே தேர்ந்தெடுத்துவிடும். விளிம்பில் ஏறி நிற்பது, மணலைத் தொடாமல் பக்கத்துச் சுவரைச் சுரண்டுவது, முடித்ததும் மூடாமல் பாய்ந்தோடுவது எல்லாம் பிடிக்கவில்லை என்பதன் அறிகுறிகள். (கட்டியான களிமண்ணைக் கழிவறையில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.)

எண்ணிக்கைக்கு ஒரு விதி உண்டு: பூனைகளைவிட ஒன்று கூடுதலாகத் தட்டுகள். இரண்டையும் ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான். இரண்டு பூனைகள் இருக்கும் வீட்டில் ஒன்று வாசலில் படுத்துக்கொண்டு மற்றதைத் தட்டுக்குப் போகவிடாமல் மறிப்பது சத்தமே இல்லாமல் நடக்கும். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இடத்தில்தான் நம் வீடுகள் அதிகம் சறுக்குகின்றன. சென்னை அடுக்குமாடி வீடுகளில் தட்டு பால்கனிக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் மணல் சேறாகும், மே மாத மதியத்தில் தரை பாதத்தைச் சுடும், இரவில் கதவு பூட்டப்படும். அடுத்த இடம் குளியலறை. ஈரத் தரை, வாளியில் தண்ணீர் விழும் ஓசை, யாராவது உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் கதவு. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தால், அது சுழலத் தொடங்கி ஒருமுறை பயந்த பூனை திரும்ப வராது. சமையலறைக்கும் பூஜை அறைக்கும் அருகில் வைக்க மனம் ஒப்பாது என்பது புரிகிறது. பூனைக்கும் சாப்பிடும் இடத்தின் அருகே வேண்டாம். ஆனால் அது நடமாடும் கூடத்தின் ஒரு மூலையைக் கொடுங்கள், இரண்டு பக்கமும் தப்பியோட வழியிருக்கும் மூலையாக. பழகிய பிறகு தினம் ஓர் அடி என்று மெல்ல நகர்த்தலாம். தீபாவளி வாரத்தில் மட்டும் வெடிச்சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறைக்குத் தட்டையும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியையும் முன்கூட்டியே கொண்டுபோய்விடுங்கள்.

மணலை நாளுக்கு ஒருமுறையாவது அள்ள வேண்டும், இரண்டு முறை நல்லது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை அனுப்பிவிடச் சொல்லும் உறவினர்கள் நிறைய. அவர்கள் பயப்படுவது, பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய, கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிய பிறகு தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது ஆகும். தினமும் வேறொருவர் அள்ளிவிட்டால், கர்ப்பிணி தட்டைத் தொடாமல் இருந்தால், பூனை வீட்டிலேயே இருக்கலாம்.

அசுத்தமான இடத்தைக் கழுவுவதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நம் கை உடனே போவது பினாயிலுக்கு. ஃபீனால் வகை வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றியதும் வெண்மையாகக் கலங்கும் கிருமிநாசினிகளில் பலவும் இதே இனம். ப்ளீச் சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிடுங்கள். வாடை முழுதாகப் போகாவிட்டால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும். மெத்தைக்குத் தண்ணீர் புகாத உறை போட்டுவிடுங்கள்.

அடிப்பதும், மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் கொடுமை. பூனை அதிலிருந்து கற்றுக்கொள்வது, நீங்கள் பார்க்காத இடத்தில் போக வேண்டும் என்பதை மட்டுமே. வலி குணமான பிறகும் சில பூனைகள் பழைய தட்டை வலியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கும். புதுத் தட்டு, புது மணல், புது இடம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மறக்கும். அதற்கும் வழிக்கு வராத பூனையை ஒரு சிறிய அறையில் படுக்கை, சாப்பாடு, தள்ளி ஒரு தட்டு என்று சில வாரம் வைத்திருங்கள். தண்டனையாக இல்லாமல், நீங்களும் அடிக்கடி உள்ளே போய் விளையாடி, பழக்கம் நிலைத்ததும் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது தட்டு இருக்கும் இடம், அசுத்தமாகும் இடங்கள், முடிந்தால் பூனை உட்காரும் விதம் ஆகியவற்றைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக் கொண்டுவாருங்கள். சோதனை மேஜையில் பயந்து உறைந்திருக்கும் பூனையைவிட அந்த வீடியோ எனக்கு அதிகம் சொல்லும். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மட்டும் வீடியோவுக்காக நிற்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.