ஆறினால் மறைந்துவிடும் கோளாறு

புசல்லாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நுவரெலியாவிலிருந்து ஆள் நிறைந்த வேனில் இறங்கி வந்தோம். லபுக்கலை தாண்டியதும் கருகல் வாடை. ரம்பொடையில் நிறுத்தினால் முன் சக்கரத்தில் புகை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வேனை எடுத்தபோது பிரேக் பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பழையபடி நன்றாக இருக்கிறது. கராஜ் பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்கிறார். அந்த வளைவில் முனி இருக்கிறது என்கிறார் சாரதி. புகை வந்தபோது தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டுமா?"

கடைசிக் கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்த வீதி இறங்கிச் சேரும் கம்பளை ஏறத்தாழ 500 மீற்றரில். ஆட்களோடு சேர்த்து 3 தொன் எடையுள்ள வேன் அவ்வளவு உயரம் இறங்கும்போது சுமார் 4 கோடி ஜூல் சக்தி வெளியாக வேண்டும். ஒரு லீற்றர் டீசலை முழுதாக எரித்தால் வருவதைவிட இது கொஞ்சம் அதிகம். பிரேக் எந்தச் சக்தியையும் அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். டயரின் உருளலும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்பில் இறங்கவேண்டும், அல்லது எஞ்சினுக்குப் போகவேண்டும்.

"ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய சாரதிகள் சொல்வது இதனால்தான். சிறிய கியரில் போட்டு எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. அந்த உழைப்பில் பிறக்கும் வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் பாய்ச்சலே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் ஓட எண்ணெய் செலவாகும். பிரேக்கையும் எரித்து எண்ணெயையும் செலவழிக்கும் பழக்கம் அது.

சரி, பெடல் ஏன் தரையோடு போனது? பிரேக் ஒயிலின் கதை இங்கேதான் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

நீங்கள் பெடலை மிதிக்கும்போது உங்கள் காலின் விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது குழாயில் இருக்கும் பிரேக் ஒயில் என்ற திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, வாயுவைச் சுருக்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றை நிரப்பி அழுத்தினால் பாதி தூரம் போய்விடும். பிரேக் குழாய்க்குள் கொஞ்சம் ஆவி உண்டானாலும் போதும், உங்கள் மிதியெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

டொட் 3 (DOT 3) என்ற தர வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. டொட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த டொட் 3 ஒயிலுக்கு விதி கேட்கும் கொதிநிலை வெறும் 140 பாகைதான், டொட் 4க்கு 155. ஆண்டில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம்முடைய ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

ஈரத்தை உறிஞ்சாத ஒயிலை ஊற்றியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். உறிஞ்சாவிட்டாலும் தண்ணீர் எப்படியாவது உள்ளே வரத்தான் செய்யும். அப்போது அது கலக்காமல் துளித்துளியாகத் திரண்டு, குழாயின் தாழ்ந்த இடத்தில், அதாவது மிகவும் சூடாகும் சக்கரத்தின் பக்கத்திலேயே போய்த் தங்கும். அங்கே 100 பாகையை ஒட்டிக் கொதிக்கும், இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். வந்த தண்ணீரை ஒயில் முழுவதும் கரைத்துப் பரப்பிவிடுவதால் ஆபத்து பல மடங்கு குறைகிறது. குறைபோலத் தெரியும் ஒரு குணத்தை வேண்டுமென்றே பாதுகாப்பாக ஆக்கிக்கொண்ட இந்த யோசனையை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

வாசகரின் வேன் ஓடிக்கொண்டிருந்தவரை காற்று பட்டு பிரேக் தட்டின் வெப்பம் ஓரளவு வெளியேறிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றது. தட்டிலிருந்த வெப்பம், அதில் உரசும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஒயிலுக்குள் இறங்கியது. அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒயில் கொதித்திருக்கவேண்டும். அப்புறம் எல்லாம் ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட்டது. பெடலும் பழைய நிலைக்கு வந்தது. பாஸ் கழற்றிப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மிஞ்சவில்லை.

முனி கதைகள் இப்படித்தான் உயிர் வாழ்கின்றன என்று நினைக்கிறேன். அனுமன் கோவிலில் நிறுத்திக் கும்பிடுவதையோ சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதையோ நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் மனத்தைரியம். ஆனால் முனி மேல் பழியைப் போட்டுவிட்டால் ஒயிலை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அடுத்த பயணத்திலும் அதே ஈர ஒயில், அதே இறக்கம், உள்ளே பிள்ளைகள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது தண்ணீர். வெறும் புகை என்றால் ஊற்றாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடலாம். கைப்பிரேக்கை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறவிடுங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள், ஏனென்றால் நிறுத்திய பிறகும் புகை தீயாக மாறலாம். கசிந்த கிரீஸும் பிரேக் ஒயிலும் அந்தச் சூட்டில் பற்றக்கூடியவை. தீச்சுவாலை வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். டயர் வெடிக்கலாம், அதனால் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக்கூடாது. உலர்தூள் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் உள்ளே இரும்பு கொதித்துக்கொண்டிருப்பதால் டயர் மறுபடி பற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றுவதே சரி, வெடிப்பு விடுமோ என்று பார்க்கவேண்டியதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கம்பளை வீதிக்கும் கடுகண்ணாவை இறக்கத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. நம்முடைய கடைகளில் விற்கும் பேட், லைனர், ஒயில் எல்லாவற்றையும் இந்த இறக்கங்களிலேயே ஓட்டி, எத்தனை பாகை வரை தாங்குகின்றன என்று அளந்து வெளியிட அரசு பணம் ஒதுக்கவேண்டும். வெப்பமானியும் சில வாகனங்களும் சில மாணவர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதுவரை உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். மாற்றும்போது பக்கத்தில் நின்று, முத்திரை உடைக்காத போத்தலைத்தான் திறக்கிறார்களா என்று பாருங்கள். கராஜ் மூலையில் பாதி மீந்து நிற்கும் போத்தல், மூடி திறந்த நாளிலிருந்தே ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.